மலையில் ஒரு போன்

மைலேஜ் கூட வேண்டும் என்று முதலாளி போன வாரம் என் லாரியின் இன்ஜின் பவரைக் குறைக்க வைத்துவிட்டார். வெறும் வண்டியைச் சமதரையில் ஓட்டிப் பார்த்து எடுத்த முடிவு அது. "லோடோட மலை ஏறினா இழுக்காது மொதலாளி" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"ஓட்டுறது மட்டும்தான் உன் வேலை" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

இன்று இருபத்தைந்து டன் சிமெண்டோடு மலை ஏறுகிறேன். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி முதல் கியரைத் தாண்ட மாட்டேன் என்கிறது. மிச்சமாகும் என்று சொன்ன டீசல் கண்ணெதிரே கரைகிறது. ஒதுங்க இடமில்லை. பின்னால் வரிசையாக வண்டிகள். ஆளாளுக்கு ஹாரன் அடித்து என் உயிரை வாங்குகிறார்கள்.

போன் அடித்தது. முதலாளிதான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்கப்பா இருக்க? நானும் மலையிலதான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். எவனோ ஒரு புண்ணியவான் முன்னாடி லாரிய ஆமை மாதிரி உருட்டுறான். எம் பொண்ணுக்குப் பிளைட்டுக்கு நேரமாச்சு!"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கீழ் வளைவில், எட்டாவதாக, அவருடைய வெள்ளைக் கார்.

"அந்தப் புண்ணியவான் நான்தான் மொதலாளி" என்றேன். "ஓட்டுறது மட்டும்தானே என் வேலை? ஓட்டிக்கிட்டிருக்கேன்."