ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம்

"ஒரு நாளைக்கு ஒரே கல்யாணமா? அக்கா, நீ மண்டபம் நடத்தப் போறியா, இல்ல தவம் பண்ணப் போறியா?" என்று சுன்ஓக் கேட்டாள்.

யோன்ஹி சன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். ஜேஜு தீவின் தென்கரையில், அவளுடைய ஆரஞ்சுத் தோப்புக்கு நடுவே இருந்த பழைய கருங்கல் கிடங்கு அது. பழம் அடுக்கி வைத்த மரத்தட்டுகளை அப்புறப்படுத்திவிட்டுக் கல்யாண மண்டபமாக மாற்றிக்கொண்டிருந்தாள். சமையல்கட்டு சுன்ஓக்கின் பொறுப்பு. வாயும் அவளுடையதுதான்.

"சிட்டியில சனிக்கிழமைன்னா அஞ்சு கல்யாணம் பண்றாங்க. தெரியும்ல?"

தெரியாமலா? நகரத்து மண்டபம் ஒன்றில் ஒன்பது வருஷம் வாசலில் நின்றவள் யோன்ஹி. கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. ஒரு ஜோடி பெற்றோரை வணங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மணப்பெண் வந்து அறையில் உட்கார்ந்திருப்பாள். "குடும்பப் படத்துக்கு நிக்கிறவங்க சீக்கிரம் வாங்க, சீக்கிரம்" என்று விரட்டுவதுதான் யோன்ஹியின் வேலை.

அங்கே அவள் கண் எப்போதும் முன்வரிசைக்குத்தான் போகும். மேடைக்கு இரண்டு பக்கமும் பெற்றவர்களுக்கென்று இரண்டிரண்டு நாற்காலி. விவாகரத்து வாங்கிய பெற்றோர்களும் பிள்ளைக்காக அன்றைக்குச் சேர்ந்து உட்காருவார்கள். வாசலில் சேர்ந்து நின்று விருந்தாளிகளை வரவேற்பார்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அது வழக்கம். அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு வழியாகப் போய்விடுவார்கள். அப்படிப் போகிறவர்களை அனுப்பிவிட்டு, காலியான அந்த இரண்டு நாற்காலிகளையும் நேராக்கி வைப்பாள் யோன்ஹி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளும் ஒரு விவாகரத்துக் காகிதத்தில் முத்திரை குத்திவிட்டு வந்தவள்தான்.

மண்டபம் தயாராகி நான்கு மாதம் ஆகியும் ஒருவரும் வரவில்லை. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இங்க இதுக்கு முன்னாடி யாருக்குக் கல்யாணம் நடந்துச்சு?"

கடைசியில் மகள் நாரிதான் முடிவு கட்டினாள். "முதல் கல்யாணம் என்னோடதும்மா. போதுமா? மே மாசம் வச்சுக்கலாம்." கொஞ்சம் இழுத்துவிட்டு, "அப்பா இன்சியோன்லேருந்து வருவாரு. உன் பக்கத்துல உட்காரணும். பரவாயில்லையா?" என்றாள்.

"பழக்கம்தானே. எனக்கென்ன," என்றாள் யோன்ஹி.

மகள் போனதும் முன்வரிசையில் பெண்ணின் பெற்றோருக்கான இரண்டு நாற்காலிகளையும் ஒரு சாண் நெருக்கிப் போட்டாள். தள்ளி நின்று பார்த்தாள். யாராவது கவனித்துவிடுவார்களோ என்று மறுபடி விலக்கிப் போட்டாள். கல்யாணத்தன்று காலை சுன்ஓக் கூட்டிப் பெருக்க வருவதற்குள் அதை மூன்று முறை செய்திருந்தாள்.

தோப்பு முழுக்கப் பூத்திருந்தது. நாரியின் அப்பா கிஹோ பதினொரு மணிக்கு ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கினான். காதோர முடி நரைத்திருந்தது. வழக்கம்போல் டையைக் கோணலாகக் கட்டியிருந்தான். கையில் வெள்ளைக் கையுறை. பெண்ணின் அப்பா சட்டையில் குத்திக்கொள்ளவேண்டிய பூவைப் பெட்டியோடு யோன்ஹியிடம் நீட்டினான்.

"கையுறையோட ஊசி பிடிக்க வரலை."

அவளுடைய இளஞ்சிவப்பு ஹன்போக் உடையின் கைகள் அகலம். அவற்றைச் சுருட்டிக்கொண்டு கிட்டே போனாள். அதே சவரச் சோப்பு வாசனை. ஊசி துணியில் ஏறாமல் இரண்டு தடவை வழுக்கியது.

"குத்திடாத," என்றான்.

"குத்தணும்னு நினைச்சிருந்தா எப்பவோ குத்தியிருப்பேன், நாரி அப்பா."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! யோன்ஹி பூவை நேராக்குவதுபோல் இன்னும் ஒரு நிமிஷம் நின்றாள்.

வாசலில் சேர்ந்து நின்றார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் சேர்ந்து குனிந்தார்கள்.

"நல்லா மாத்தியிருக்க," என்றான் கிஹோ கூரையைப் பார்த்துக்கொண்டு. "உத்திரம் பழசா?"

"பழசுதான். உறுதியா இருக்கு. எத்தனை மணிக்கு விமானம்?"

"மூணு மணி. பன்னண்டுக்குக் கல்யாணம்னா ஒரு மணிக்கு முடிஞ்சிடுமேன்னு போட்டுட்டேன். எல்லா மண்டபமும் அப்படித்தானே?"

விமான நிலையம் ஒரு மணி நேரப் பயணம். ஒன்றரைக்காவது கிளம்ப வேண்டும். இங்கே யாரும் யாரையும் விரட்ட மாட்டார்கள், இரண்டு மணி வரைக்கும் போகும் என்று யோன்ஹி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்சிக்கு மட்டும் போன் செய்து ஒன்றேகாலுக்கு வரச் சொன்னாள்.

சம்பந்தியம்மா நீலத்திலும் யோன்ஹி இளஞ்சிவப்பிலுமாகச் சேர்ந்து நடந்துபோய் மெழுகுவத்தி ஏற்றினார்கள். பிறகு நாரியின் கையைப் பிடித்துக்கொண்டு கிஹோ வந்தான். மகளை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு யோன்ஹியின் பக்கத்தில் உட்கார்ந்தான். பதினோரு வருஷமாக அவள் ஏங்கிய இடம் அதுதான்: அவன் இடது தோளுக்கும் அவள் வலது தோளுக்கும் நடுவில் ஒரு சாண்.

மாப்பிள்ளையின் தோழர்கள் பாடினார்கள். நாரியின் தோழி ஒரு கடிதம் படித்தாள். நடுவில் அவளுக்கே அழுகை வந்து, படிக்க முடியாமல் எல்லோரையும் சிரிக்க வைத்தாள். எதற்கும் அவசரம் இல்லை. யோன்ஹி மட்டும் கிஹோவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறையைக் கொஞ்சம் விலக்கிக் கடிகாரம் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்த்தான். ஐந்தாவது தடவையோடு அவளுக்குத் தாங்கவில்லை.

போக வேண்டியவரைப் பிடித்து வைத்து என்ன சுகம்? மேடையோரம் ஒலிவாங்கியோடு நின்ற மாப்பிள்ளையின் நண்பனுக்கு, ஒன்பது வருஷப் பழக்கத்தில், விரலைச் சுழற்றிக் காட்டினாள். முடி என்று அர்த்தம். அவன் விழித்தான். அவள் மறுபடி சுழற்றினாள். பாக்கி இருந்த இரண்டு பாட்டும் விட்டுப்போயின. பெற்றோருக்கு வணக்கம், குடும்பப் படம், கைதட்டல். ஒன்று பத்துக்கெல்லாம் கல்யாணம் முடிந்துவிட்டது.

"என்ன இது, பாதியிலயே முடிஞ்சிடுச்சு?" கிஹோ சுற்றுமுற்றும் பார்த்தான். "அடுத்த ஜோடி காத்துட்டிருக்கா?"

"இங்க அடுத்த ஜோடி கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம்தான்."

"அப்புறம் எதுக்கு முடிச்ச?"

"உங்க விமானத்துக்குத்தான். கடிகாரத்தையே பாத்துட்டிருந்தீங்களே. டாக்சி வந்துடும்."

அவன் கையுறையைக் கழற்றத் தொடங்கினான். கழற்றாமல் பாதியில் நிறுத்தினான். "நீ இன்னும் மாறவே இல்ல. எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணிடுவ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நேரம் பாத்தா என்ன அர்த்தம்?"

"ஒன்றரை ஆச்சான்னு பாத்தேன்." குரல் இறங்கிவிட்டது. "ஆயிடுச்சுன்னா, விமானத்தை விட்டுட்டேன், என்ன பண்றதுன்னு சொல்லிக்கிட்டு இங்கயே உட்காந்திருப்பேன். பாழாப்போன பாட்டு இன்னும் ரெண்டு பாடியிருந்தா போதும்."

வெளியே டாக்சியின் ஹாரன் கேட்டது. கால் மணி முன்கூட்டிக் கூப்பிட்டவள் அவள்தானே! சமையல்கட்டிலிருந்து பன்றி எலும்பும் கடல்பாசியும் கொதிக்கிற மணம் வந்தது. இறைச்சித் துண்டுகளைத் தட்டுக்கு மூன்றாகப் பங்கு வைத்தபடி சுன்ஓக் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

கிஹோ பையை எடுத்தான். இங்கேயே நிற்பதற்கு இப்போது அவனிடம் சாக்கு இல்லை. அன்றைக்கு முத்திரை குத்திவிட்டு அவன் கப்பல் வேலைக்கு இன்சியோனுக்குப் போனபோதும் இப்படித்தான் பையோடு நின்றான். அவள் வாய் திறந்து ஒரு சொல் சொல்வாள் என்று நின்றிருப்பான் போல. அவளோ தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டாள்.

"நாரி அப்பா."

திரும்பினான்.

"சாப்பிட்டுட்டுப் போங்க."

"சாப்பிட்டா விமானம் போயிடும்."

"தெரியும்," என்றாள் யோன்ஹி. "தெரிஞ்சுதான் கேக்கறேன்."

ஹாரன் இரண்டாம் தடவை கேட்டது. கிஹோ பையோடு வாசலுக்குப் போனான். யோன்ஹி பின்னால் போகவில்லை. டாக்சிக் கதவு சாத்துகிற சத்தமும் வண்டி கிளம்புகிற சத்தமும் கேட்டன. சரளைக்கல் நொறுங்கி அடங்குகிறவரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உன் ஆள் வாசல்ல எதுக்கு மரம் மாதிரி நிக்கறாரு?" சுன்ஓக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "உள்ள வந்து உட்காரச் சொல்லு. சூப்பு ஆறுது."

நாளைக்கும் விமானம் இருக்கிறது. இந்தத் தீவில் பத்து நிமிஷத்துக்கு ஒன்று கிளம்புகிறது. அது யோன்ஹிக்குத் தெரியும். இருந்தாலும் வேகமாகப் போய் இரண்டு தட்டு எடுத்தாள்.