மூக்கையாவின் அபூர்வ ரத்தக்குழாய்

1958-இல் சாயல்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையே ஓடிய பஸ்ஸுக்கு மூக்கையா டிரைவர், மீரா சாகிபு கண்டக்டர். மூக்கையாவுக்கு மூன்று வருஷமாக வயிற்றுப்புண். எரிச்சல் கிளம்பினால் ஆப்பசோடாவைக் கரைத்துக் குடித்துவிட்டு வண்டியை எடுப்பார்.

ஒருநாள் காலை, கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்.

"சாகிபு, ரெண்டு நாளா வெளிக்குப் போனா தார் மாதிரி கறுப்பாப் போகுதுப்பா."

"ரோட்டுல போடவேண்டிய தார நீங்க தின்னுட்டீகளாண்ணே? அதான் ரோடு இப்படிக் கெடக்கு!" என்று சிரித்தபடி விசில் ஊதினார் மீரா சாகிபு.

ஏர்வாடி தாண்டியதும் மூக்கையா பஸ்ஸை ஓரங்கட்டினார். அடுத்த நிமிஷம் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது.

உள்ளே முப்பது பேர், நாலு கோழி. ஒருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. மீரா சாகிபுக்கும் தெரியாதுதான். ஆனால் ஆறு வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். மூக்கையாவை முன்சீட்டில் படுக்கவைத்துவிட்டு, "பிஸ்மில்லா" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தார். பஸ் தவளைபோலத் துள்ளியது.

"கிளச்ச மெதுவா விடுலே," என்று முனகினார் மூக்கையா.

"பேசாதீகண்ணே, ரத்தம் வருது!"

"நீ ஓட்டுறதப் பாத்துட்டு எப்படிலே பேசாம கெடக்க?"

இரண்டாவது கியரிலேயே ஊளையிட்டுக்கொண்டு பஸ் இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே குளுக்கோஸ் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். கூடவே போன மீரா சாகிபின் ரத்தம் பொருந்தியது. ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு, ஆபரேஷன் முடியும்வரை அவர் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம்தான் அப்படிக் கறுப்பாகப் போனது என்று தெரிந்ததும், தார் பற்றிச் சிரித்தது அவரைக் குத்தியது.

டாக்டர் ராமசுப்பிரமணியன் வெளியே வந்து, சேதி கேட்டு ஓடி வந்திருந்த மூக்கையாவின் மனைவி ராமலெட்சுமியிடம் சொன்னார்.

"பிழைச்சுட்டார்மா. இரைப்பைக்குப் பின்னாடி, மண்ணீரலுக்குப் போற ரத்தக்குழாயைப் புண் அரிச்சிருக்கு. குழாய் பலூன் மாதிரி வீங்கி உள்ளேயே வெடிச்சிடுச்சு. ரொம்ப அபூர்வம். என் சர்வீஸ்ல இப்பத்தான் பார்க்கறேன்."

மயக்கம் தெளிந்தபின் அந்த 'அபூர்வம்' மூக்கையாவின் காதில் விழுந்ததுதான் தாமதம், ஆள் மாறிப்போனார். படிக்கிற டாக்டர்கள் கூட்டமாக வந்தால், கேட்குமுன்பே சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார்.

"புண்ணு யாருக்கும் வரும் தம்பி. குழாய் வெடிக்கிறது லேசுல வராது!"

"கழுத்துல தாலி நிக்கிதேன்னு நான் கெடக்கேன். இவுகளுக்குப் பெருமையப் பாரு," என்று கஞ்சியை ஊட்டினாள் ராமலெட்சுமி.

வீட்டுக்குப் போகும் நாளில் மாணவர் ஒருவர் ஓடி வந்தார். "பரீட்சைக்கு உங்களைக் காட்டணும்னு பெரிய டாக்டர் சொன்னார். மார்ச்சுல வருவீங்களா?"

மூக்கையா முகமெல்லாம் பல்லாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி இறங்கியிருந்தாள்.

"கண்டிப்பா வாரேன் தம்பி," என்று கிசுகிசுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி அவள் பின்னால் நடந்தார்.