பக்கத்துல வைங்க மாமா

தாரணியின் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மானிட்டரில் வந்து இறங்கியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் லேப்டாப்பில் இருந்தார்கள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பெரிய திரை மாப்பிள்ளை வீட்டுக்கு, சின்னத் திரை பெண் வீட்டுக்கு.

நான் மட்டும் வெளியே, மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தாரணி என் தங்கை. தங்கை விசேஷத்தில் அண்ணன்காரன் எங்கே உள்ளே உட்கார முடிகிறது? பந்திக்கு ஓட வேண்டும், ஐஸ்கட்டிக்கு ஓட வேண்டும். எனக்கு மௌஸ் பிடிக்கிற வேலை.

அப்பா இல்லை. அதனால் வெற்றிலைத் தட்டை நான்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். லேப்டாப்பில் அம்மாவின் கையிலிருந்து தட்டைப் பிடித்து இழுத்து, மானிட்டரில் ராக்கியப்பன் மாமாவின் கையில் விட வேண்டும். அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அந்தப் பக்கம் எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் தட்டை அவர் வாங்கிக்கொண்டு அவர்கள் தட்டைக் கொடுத்தால் நிச்சயம் முடிந்தது. நல்ல நேரத்துக்குள் தட்டு மாறாவிட்டால் சம்பந்தம் இல்லை. அவரவர் திரையை அணைத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

தாரணிக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. பெயர் யுகேந்திரன். அவனோடு போனில் பேசும்போது அவள் சிரிக்கிற சத்தம் மொட்டை மாடியிலிருந்து கீழே வரைக்கும் கேட்கும். முன்னால் வந்த வரன்கள் யாருக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"சிஸ்டமெல்லாம் யாருங்க பாக்கறது?" என்று ராக்கியப்பன் மாமா முன்கூட்டியே கேட்டிருந்தார்.

"எம்பையன்தானுங்க. பொழுதுக்கும் கம்ப்யூட்டர்லயே இருக்கறவன்" என்றாள் அம்மா.

"அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க மாமா" என்றேன் நானும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் நூல் மில்லில் பில் அடிக்கிறவன். அங்கே ஒரே திரைதான். அதையும் காலையில் வேறு யாரோ போட்டுத் தருவார்கள்.

மானிட்டரை லேப்டாப்புக்கு இடது பக்கம் வைத்தேன். பிளக் பாயிண்ட் அந்தப் பக்கச் சுவரில் இருந்தது. ஒயரும் குட்டை. கேமரா லேப்டாப்பில் இருந்தது. நான் மானிட்டரைப் பார்த்துப் பேசினால் அவர்களுக்கு என் காதுதான் தெரியும்.

"மாப்ள மொகங்குடுத்தே பேச மாட்டீங்கறாரே" என்றார் மாமா, என்னைத்தான்.

அவருக்கு முகம் கொடுக்கக் கேமராவைப் பார்த்தேன். இப்போது அவரை எனக்குத் தெரியவில்லை.

நல்ல நேரம் பிறந்தது. அம்மா தட்டை நீட்டினாள். நான் பிடித்து இடது பக்கம் இழுத்தேன். தட்டு லேப்டாப்பின் இடது ஓரத்தில் டங்கென்று மோதி நின்றது. தேங்காய் உருண்டது.

"என்னாச்சுடா?"

"ஒண்ணுமில்லம்மா. செவுரு."

"நேத்து இல்லியே."

"இன்னைக்கு இருக்குது."

மறுபடி இழுத்தேன். மறுபடி மோதியது. சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழம் கழன்று விழுந்தது. சுவருக்கு அக்கட்டால மாப்பிள்ளை வீட்டுச் சொந்தபந்தம், ஒறம்பரைகள் மொத்தமும் எங்கள் பக்கமாகக் கழுத்தைத் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தார்கள். என் காது சூடானது. என் காது சூடானதும் லேப்டாப்பின் விசிறி ஓட ஆரம்பித்தது. அது எப்போதும் அப்படித்தான்.

பதட்டத்தில் கையை எந்தப் பக்கம் ஆட்டினேனோ, தட்டு வலது பக்கமாக வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தைத் தாண்டி மறைந்துவிட்டது. வலது பக்கத்தில் ஒன்றுமே கிடையாது. என் டீ டம்ளர்தான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். டம்ளரில் தட்டு இல்லை.

மானிட்டரின் இடது கோடியில், அவர்கள் எல்லோருக்கும் முதுகுப் பக்கம், பொடக்காலி இருந்தது. கை கழுவுகிற இடம். செருப்பு விடுவதும் அங்கேதான். ஒரு அத்தை கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இங்க செருப்புக்குள்ள யாரோ வெத்தலத் தட்ட வெச்சிட்டுப் போயிருக்கறாங்க" என்றார் அவர்.

எல்லாக் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பின. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பின. அட கண்றாவியே, பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

"பொடக்காலி வழியாத்தான் உங்கூர்ல தட்டு அனுப்புவீங்களா மாப்ள?" என்றார் ராக்கியப்பன் மாமா.

"இல்லீங்க மாமா. லேப்டாப் உங்கள வலது பக்கம்னு நெனச்சிட்டிருக்குதுங்க."

"நாங்க எடது பக்கமல்லோ உக்காந்திருக்கறோம்?"

"ஆமாங்க."

"அத அதுகிட்ட யாரு சொல்றது?"

"நாந்தானுங்க சொல்லோணும்."

"சொல்லுங்க அப்பறம்."

அத்தை தட்டை வந்த வழியே தள்ளிவிட்டார். அது எங்கள் வலது ஓரத்தில் வந்து நின்றது. வெற்றிலையில் சோப்பு நுரை இருந்தது. அம்மா முந்தானையால் ஒவ்வொரு வெற்றிலையாகத் துடைத்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

செட்டிங்ஸைத் திறந்தேன். அது எனக்கு முன்னால் திறக்கவில்லை. மானிட்டரில், ராக்கியப்பன் மாமாவின் மடியில் திறந்தது. என் மௌஸ் அம்பைக் கொண்டுபோய் நானே சரி செய்யலாம். ஆனால் பொடக்காலி வழியாகத்தான் போக வேண்டும். அத்தை இன்னும் அங்கேயே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் சாமி.

"மாமா, உங்க மடியில என்னங்க தெரியுது?"

"ரெண்டு பொட்டி தெரியுது. ஒண்ணுன்னு ஒரு பொட்டி, ரெண்டுன்னு ஒரு பொட்டி. நாங்க எதுங்க?"

நான் ஒயரைப் பார்த்தேன்.

"ரெண்டுங்க மாமா."

ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரம் தானாக நின்றது.

"ரெண்டு" என்றார் மாமா.

"அது சும்மா, ஒயர் சொருகுன வரிசைங்க."

"மாப்ள ஊட்டுக்காரங்க ரெண்டு."

"அடியில ஒரு பட்டன் இருக்குதுங்க மாமா. முதன்மைத் திரையாக்குன்னு போட்டிருக்கும். அத அமுக்குனா நீங்கதான் முக்கியமுங்க."

மாமா அமுக்கினார். எங்கள் பக்கத்திலிருந்த சாமான்கள் எல்லாம் கிளம்பி அவர்கள் பக்கம் போய்விட்டன. அம்மா உட்கார்ந்திருந்த சோபா போனது. அம்மா எழுந்து நின்றுகொண்டாள். நான் நாளைக்கு ஒழுங்குபண்ணலாம் என்று திரையெங்கும் போட்டுவைத்திருந்த குப்பையெல்லாம் போய் அவர்கள் நடுக்கூடத்தில் விழுந்தது. பொடக்காலி அத்தை விளக்குமாறு எடுத்துக்கொண்டு வந்தார். மூலையில் இருந்த கடிகாரமும் போனது. எங்களிடம் மிஞ்சியது ஒரு முக்காலிதான்.

"மாமா, நல்ல நேரம் இன்னும் எவ்வளவுங்க இருக்குது?"

"இருக்குது" என்றார் மாமா. அதற்கு மேல் சொல்லவில்லை. நேரம் இப்போது அவர்களுடையது.

தாரணி பட்டுப்புடவையில் சுவரோரமாக நின்று என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து தலையில் கனகாம்பரம் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவள் உதட்டை மட்டும் அசைத்து, "சீக்கிரம்ணா" என்றாள்.

"இன்னொண்ணே ஒண்ணுதானுங்க மாமா" என்றேன். "உங்க பொட்டியப் புடிச்சு எங்க பொட்டிக்கு எடது பக்கம் வெச்சுட்டீங்கன்னா தட்டு நேரா உங்க கைக்கே வந்துருமுங்க."

"நாங்க நகரோணுமா?"

"நீங்க நகர மாட்டீங்க மாமா. படத்துல மட்டும்."

"படத்துலயே ஆனாலும் நகர்றது நகர்றதுதான் மாப்ள. மாப்ள ஊடு எடத்த உட்டு நகர்ந்ததா எங்காவது கேள்விப்பட்டிருக்கறீங்களா?"

ஒறம்பரைகள் கேள்விப்பட்டதில்லை என்று தலையாட்டினார்கள். யுகேந்திரன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். மாமா திரும்பிப் பார்த்தார். யுகேந்திரன் கொட்டாவி விட்டதுபோல வாயை மூடிக்கொண்டான்.

"நாமளே நகர்ந்துக்கலாம் கண்ணு. நமக்கென்ன, நகர்ந்து பழக்கந்தான" என்றாள் அம்மா.

"அப்படிச் சொல்லுங்க" என்றார் மாமா. "உங்க பொட்டிய வேணும்னா நான் தள்ளி வெக்கறேன்."

கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். அவர்கள் இடது பக்கம் வந்தாலும் நாங்கள் வலது பக்கம் போனாலும் கதவு ஒரே இடத்தில்தான் திறக்கும். எனக்கு உயிர் வந்தது. "சரிங்க மாமா" என்றேன்.

மாமா எங்கள் பெட்டியை ஒரு விரலால் பிடித்தார். இக்கட்ட கொண்டுவந்தார், அக்கட்ட கொண்டுபோனார். பக்கத்தில் ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தார். இரண்டு பெட்டியும் சரிசமமாக நின்றன. அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எடுத்துத் தன் பெட்டிக்குக் கீழே வைத்தார். அதையும் முழுசாக வைக்கவில்லை. ஒரு மூலை மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது.

"பொண்ணூடு கீழ இருந்தாத்தான் பாக்கறதுக்கு லட்சணம்" என்றார்.

எங்கள் கூரையில், ஒரு மூலையில், ஆள் படுத்து நுழைகிற அளவுக்கு ஒரு சந்து திறந்தது.

"பக்கத்துல வைங்க மாமா." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. மூன்றே வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் காலையிலிருந்து அவரை எத்தனை தடவைதான் கேட்பது? பொடக்காலி, ரெண்டாம் நம்பர், குப்பை, இப்போது இதுவுமா? இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று வெட்டவெளிச்சமாகிவிடுமே. விசிறி லாரி மாதிரி இரைந்தது.

"என்னுங்க மாப்ள, சரியா வெச்சனா?"

"ரொம்பச் சரிங்க மாமா" என்றேன். "இதுல அப்படித்தானுங்க வரும்."

தட்டை மேல்நோக்கி இழுத்தேன். சந்துக்குள் நுழைக்கச் சாய்த்தால் தேங்காய் விழுந்தது. நேராக எழுப்பினால் பழம் விழுந்தது. "நேரம் போகுதுங்க" என்றார் மாமா, எங்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி.

"குடுங்கம்மா, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள் தாரணி.

முக்காலியைச் சந்துக்குக் கீழே போட்டாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். ஏறியவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, இதுதான் வழியா?"

"ஆமா அம்மணி."

"நெசமாலுமா?"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான்."

அவள் நம்பினாள். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று சின்ன வயசிலிருந்து நம்புகிறவள். தலையைக் குனிந்து, உடம்பைக் குறுக்கி, சந்துக்குள் நுழைந்தாள். கடைசியில் கொலுசு போட்ட காலும் உள்ளே போனது.

மானிட்டரில் அவர்கள் தரையிலிருந்து முதலில் தட்டு வந்தது. பிறகு இரண்டு கை. பிறகு கனகாம்பரம் நசுங்கிய தலை. தாரணி முட்டி போட்டுத் தவழ்ந்து அவர்கள் கால்களுக்கு நடுவில் வந்து சேர்ந்தாள். யுகேந்திரன் தன் காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டான்.

"அடடா, எவ்வளவு பணிவு பாருங்க!" என்றார் பொடக்காலி அத்தை. "இந்தக் காலத்துல எந்தப் புள்ள இப்படி வருது?"

மாமா குனியாமல் தட்டை வாங்கினார். அவர்கள் தட்டைக் கொடுத்தார். நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எங்கள் பக்கம் அம்மா வெறுந்தரையில் நின்று அழுதுகொண்டே கைதட்டினாள்.

அப்போது லேப்டாப்பில், எனக்கு மட்டும் தெரியும்படி, ஒரு கேள்வி வந்தது. இப்படியே வைத்துக்கொள்ளவா, பழையபடி மாற்றவா? பக்கத்தில் ஒரு எண் இறங்கிக்கொண்டே வந்தது. நான் ஒன்றையும் தொடாமல் இருந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். தட்டு பொடக்காலிக்கே போகும்.

"அண்ணா" என்றாள் தாரணி. தரையிலிருந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். இது வழியில்லை என்று அவளுக்கு இப்போது புரிந்திருந்தது. "பக்கத்துல வெக்கச் சொல்லுண்ணா. தட்டுத்தான் மாத்தியாச்சே. ஒரு வார்த்தை கேளு, வெப்பாங்க."

அவள் மானிட்டரில் இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு என் காதுதான் தெரியும், சிவந்துபோய். கேமராவைப் பார்த்தால் அவளுக்கு என் முகம் தெரியும், எனக்கு அவள் தெரியமாட்டாள்.

நான் கேமராவைப் பார்த்தேன். நன்றாகச் சிரித்தேன். 'இப்படியே வைத்துக்கொள்' என்பதை அமுக்கினேன்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஆடிக்கும் தீபாவளிக்கும் தாரணி வருகிறாள். கூரைச் சந்திலிருந்து முதலில் கால் வரும். நான் முக்காலியை இழுத்துப்போட்டு ஆடாமல் பிடித்துக்கொள்கிறேன். புடவையில் முட்டி இருக்கிற இடம் மட்டும் நைந்திருக்கும். அம்மா அதைக் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

போன தடவை கிளம்பும்போது, முக்காலியில் ஏறி, தலையைச் சந்துக்குள் விடப்போனவள் நின்றாள்.

"அவங்க ஊட்ல எல்லாருக்கும் உன்னைய ரொம்பப் புடிச்சிருக்குதுண்ணா" என்றாள். "நீ ஒரு தடவ வெச்சா வெச்சதுதானாம். இன்னி வரைக்கும் ஒரு இம்மி நகரலியாம்."

விசிறி ஓட ஆரம்பித்தது. நான் முக்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்து உள்ளே போனாள்.