இரண்டாம் தவணையின் முடிவு

நோர்வே நாட்டின் தலைநகராம் ஒஸ்லோவின் கிழக்கெல்லையில், ஐந்தாம் தடத் தொடர்வண்டி தன் ஓட்டம் முடித்து இளைப்பாறும் வெஸ்ட்லியிலே, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் ஐப்பசிப் பொழுதொன்று பிற்பகலிலேயே இருண்டு, குன்றடுத்த ஊசியிலைக் காட்டைக் கருமையில் ஆழ்த்தி, அடுக்குமாடிகளின் பலகணிதோறும் விளக்கேற்றி, ஈரக்காற்றைத் தெருக்களில் உலவவிட்டிருந்தது. அத்தெருவழியே தமிழ் மன்றத்தின் தலைமைத் தேர்தல் நடக்கவிருந்த ஆண்டுக் கூட்டத்துக்கு மன்றத் தலைவி சத்தியபாமா, அன்பரே, அச்சத்தோடு நடந்துகொண்டிருந்தார்.

பள்ளியில் வரலாறு கற்பிக்கும் அவ்வம்மையார், எட்டாண்டுகளுக்கு முன் மன்றம் தோன்றித் தாம் தலைமையேற்ற நாளில், வேண்டினால் மூச்சுள்ளவரை ஆண்டிருக்கக்கூடிய அமெரிக்க நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் நான்காண்டுத் தவணைகள் இரண்டோடு தாமாகவே இறங்கி வீடு சென்றதை எடுத்துரைத்து, "நானும் அப்பிடித்தான் போவன்" என்று அவையறியச் சொன்னார். எல்லாரும் கைதட்டினர். கைதட்டுவது எளிதன்றோ! கட்சிப்பகை நாட்டைக் கெடுக்குமென்று அத்தலைவர் எச்சரித்துப் போனதையும், அவருடைய அமைச்சர் இருவரே இரு கட்சிகளுக்கு வித்திட்டதையும் அன்று அம்மையார் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யார் காதில் ஏறியிருக்கும்?

மன்றத்திலும் கட்சி பிறந்தது. பக்கத்து நகரான லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடியேறியோர் மன்றத்தை அங்கே கொண்டுசெல்ல வேண்டுமென்றனர். வெஸ்ட்லியில் தங்கியோர் ஓரடியும் நகர்த்த விடோமென்றனர். இவ்வளவுதான் வழக்கு. ஆயினும் பொங்கல் இரண்டாயிற்று. ஒரு தரப்பார் வீட்டுச் சாவுக்கு மறுதரப்பார் போகாது நின்றனர். ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில் எதிர்ப்பட்டோர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகி நடந்தனர். யாருடையதோ மகிழுந்தின் சக்கரங்களும் ஒருநாள் கிழிபட்டுக் கிடந்தன.

சத்தியபாமா அஞ்சியதெல்லாம் தம்மவரான வெஸ்ட்லித் தரப்பாரையே. கூட்டத்துக்கு முதல்நாள் மாலை, அத்தரப்பின் தூணான யோகலிங்கம் அவர் வீட்டுக்கு வந்து, வைத்த தேநீரைத் தொடாமலே கதைத்தார்.

"அக்கா, நீங்கள் மூண்டாம் தரமும் நிண்டால்தான் நாங்கள் வெல்லுவம். விலகினால், வாற மாதம் பிள்ளையின்ர கலியாணத்துக்கு எங்கட பக்கத்தாலை ஒருத்தரும் வரமாட்டினம். சமையலும் எங்கட ஆக்கள்தான், ஞாபகம் இருக்கட்டும்."

தந்தையை இழந்த ஒரே மகள் வினோஜாவின் திருமணம்! வீடுவீடாய் ஏறியிறங்கிக் கையில் கொடுத்த அழைப்பிதழ்கள்! ஆளில்லா மண்டபத்தில் மகள் மணவறை ஏறுவதே அத்தாயின் கண்முன் நின்றது.

யோகலிங்கம் சென்றதும் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் லோறென்ஸ்கூக் தரப்பின் வேட்பாளர் ரவீந்திரன். மிரட்டலென்றே எண்ணி எடுத்தார் அம்மையார்.

"அக்கா, தயவுசெய்து விலகாதேங்கோ. நான் தோக்கலாம் எண்டுதான் நிக்கிறன். வெண்டால் எங்கட பெடியள் மன்றத்தையே உடைப்பாங்கள். அவங்களைப் பிடிக்க என்னாலை ஏலாது. எனக்குப் பயமாக் கிடக்கு."

பார்த்தீரா அன்பரே, இரு தலைவருக்கும் தத்தம் படையே பேயாய் நின்றதை!

இப்போது மண்டபத்தில், நடுவே வழிவிட்டு இரு கூறாய் அமர்ந்திருந்தோர் முன் எழுந்து நின்றார் சத்தியபாமா. மகளை ஒருமுறை பார்த்தார். பின்பு சொன்னார்.

"எட்டு வருஷம் போதும். இனி நான் நிக்க மாட்டன். ஆர் வெண்டாலும் அவையோட சேர்ந்து வேலை செய்வன்."

ஒரு கையும் தட்டவில்லை. யோகலிங்கம் எழுந்து, சட்டைப்பையிலிருந்த திருமண அழைப்பிதழை எடுத்து அவர்முன் மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அடுத்து அவர் மனைவி. அடுத்து ஓர் இளைஞன். பின்னர் வரிசையாகவே வந்தனர். முன்கூட்டியே பேசிவைத்து வந்திருந்தார்கள்! மணமக்களின் பெயர் பொறித்த அட்டைகள் மேசையில் குவிந்தன. மறுபக்கத்தில் ரவீந்திரன் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையிலிருந்து வினோஜா வந்து தாயின் கையைப் பற்றினாள்.

"சின்ன மண்டபமா எடுப்பம், அம்மா. சமையலை நாங்கள் பாப்பம்."

தலைமை துறந்த அமெரிக்கத் தலைவருக்கு ஒதுங்கியிருக்கப் பரந்த பண்ணையொன்று இருந்தது. இவருக்கோ, எழுந்து போன அதே மக்களை அதே கடையிலும் அதே மாடிப்படியிலும் எஞ்சிய நாளெல்லாம் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. பதவியை விடுதல் பெருமையென்று நூல்கள் எழுதிவிடும். விட்ட மறுகணம் எப்படியிருக்குமென்று எழுதுவதில்லை. அச்சம் அவரை விட்டு அகலவில்லை. ஆயினும் அழைப்பிதழ்களை ஒவ்வொன்றாய் அடுக்கியெடுத்து, மகளோடு படியிறங்கினார்.