இறக்கி வைத்த சுவிட்சுகள்

அப்பாவின் சட்டையின் மேல் பொத்தானை அக்கா மாட்டினாள். தம்பி முக்காலியில் ஏறி நின்று அவருக்குத் தலை வாரினான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது, உயரம் நாலடிக்கும் கீழே. துணி வெட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை, வாயாடுவதிலும் அப்படித்தான். இன்று மட்டும் வாய் அடைத்துப் போயிருந்தது. நாலு மணிக்கு அமரர் ஊர்தி வரும்.

"வகிடு இடது பக்கம்டா."

"தெரியும். பத்து நாளா நான்தானே வாரிவிட்டேன்."

குத்திக்காட்டத்தான் சொன்னானோ என்னவோ, அவளுக்குக் குத்தியது. அப்பாவின் மூச்சு நின்று மூன்று மணி நேரம் கழித்துத்தான் அவள் வந்து சேர்ந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ஆறு வருஷமா அப்பா தினமும் காலையில என்கிட்ட மன்னிப்பு கேப்பாரு. எதுக்குப்பான்னா பேச்சை மாத்திடுவாரு. நேத்துகூடக் கேட்டாரு. உனக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியும். அவள் சீப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குரங்குகளின் மரபணுவை ஆராய்ந்து பட்டம் வாங்கிய கையோடு ஆறு வருடத்துக்கு முன் வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் கேட்க ஆள் கிடைத்துவிட்ட குஷி. செல் பிரியும்போதெல்லாம் மரபணு முழுவதையும் நகலெடுக்க வேண்டும், எடுக்க எடுக்க எங்காவது ஓர் எழுத்து தப்பும், ஆணுக்கு வயதாக வயதாக அவன் விந்தணு நகலுக்கு நகல் என்று போவதால் குரங்கோ மனிதனோ தகப்பன் வழியில்தான் பிழை அதிகம் என்று அளந்துகொண்டே போனாள். "தம்பி பொறக்கும்போது உங்களுக்கு நாப்பத்தொம்பது வயசுல்ல? அதான் இப்படி" என்று, கடைக்குப் போயிருந்த அவனுடைய காலி நாற்காலியைக் காட்டிச் சிரிக்க வேறு செய்தாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்ந்த மனிதர், மறுவாரமே வீட்டு சுவிட்சுகளையெல்லாம் கழற்றித் தம்பியின் தோள் உயரத்துக்கு இறக்கினார். எழுபத்தைந்து வயதில் இதெல்லாம் தேவையா என்று அவள் போனில் கேலி செய்தாள்.

"நான்தான்டா சொன்னேன்," என்று தொடங்கி, சிரித்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி வாருவதை நிறுத்தவில்லை.

"ஆனா அது பாதிதான்டா. அந்தத் தப்பு எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் ஐம்பது, அறுபதுன்னு இருக்கும். நகல் பிசகவே இல்லைன்னா குரங்கும் கிடையாது, நாமளும் கிடையாது. உனக்கு ஒரு எழுத்து, விழக்கூடாத இடத்துல விழுந்துடுச்சு. அவ்வளவுதான். இதுல யாரு மேலயும் குத்தம் இல்ல."

சீப்பில் சிக்கியிருந்த நரைமுடியைத் தம்பி மெல்ல உருவி எடுத்தான்.

"இதை அவர்கிட்ட சொன்னியா?"

இல்லை. இந்த மீதியை எத்தனையோ மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். இந்த வீட்டுக்கு ஆறு வருடத்தில் இரண்டே முறைதான் வந்தாள், இரண்டு முறையும் அவசரம். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தம்பியின் முகத்தையும்தான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. தம்பி முக்காலியிலிருந்து இறங்கி அதை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"நான் போய்க் கதவைத் தொறக்கறேன். நீ லைட்டை அணைச்சிட்டு வா."

பழைய ஞாபகத்தில் அவள் கை சுவரின் மேலே போனது. அங்கே அப்பா சிமெண்ட் பூசி அடைத்த சதுரம் சொரசொரவென்று தட்டுப்பட்டது. கையை எடுத்துக்கொண்டு, குனிந்தாள்.