கோழிக்குக் கலக்கும் மருந்து

விடிவதற்கு முன்பே கோழி வெட்டும் ஆலையில் கொக்கிகள் நகரத் தொடங்கிவிடும். தலைகீழாகத் தொங்கி வரும் கோழியின் வயிற்றைக் கீறுவது அக்காவின் வேலை. இன்று அவள் இடத்தில், அவள் கத்தியோடு, நான் நின்றேன். வெதுவெதுப்பான குடல்நீர் முழங்கைவரை வழிந்தது.

அக்காவின் உள்ளங்கையில் எலும்பு குத்தியது சின்னக் காயம்தான். இங்கே அடிபட்டால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. முதலாளியின் பக்கத்துப் பண்ணையில் கோழிகளுக்குத் தண்ணீரில் கலக்கும் மருந்துப்பொடியை அப்பித் துணி சுற்றிக்கொள்வோம். அவளும் அப்படியே செய்தாள். கை தோள்வரை வீங்கியது. டாக்டர் ஊசி மாற்றி ஊசி போட்டும் கேட்கவில்லை.

"கோழிக் குடல்ல இருக்கற கிருமிம்மா இது. தினமும் மருந்து குடுத்துக் குடுத்து, அதைத் தாங்கற சக்தி அதோட மரபணுவுலயே வந்திருச்சு. பக்கத்துக் கிருமிக்கும் அதைக் கைமாத்திவிடும். நாங்க போடற ஊசியும் அதே குடும்பம்தான். இன்னும் ஒரே மருந்து பாக்கி. அதுவும் கேக்கலேன்னா கையை எடுக்கணும்," என்றார் டாக்டர்.

மாலை வகுப்பில் படித்த பாடம்தான். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று அவரிடம் மறுபடி கேட்டேன். ஒன்றில் மட்டும் சந்தேகமே இல்லை: அதே எலும்பு முதலாளியின் கையில் ஏற வேண்டும்.

முதலாளி வந்தார். "கை கழுவாம வேலை செஞ்சா இப்படித்தான்."

"சோப்பு எங்க வெச்சிருக்கீங்க, அதையும் சொல்லிடுங்க," என்றாள் பக்கத்தில் குடல் உருவும் அத்தை.

"நோவில்லாத கோழிக்கு எதுக்கு மருந்து?" என்றேன்.

"சீக்கிரம் எடை ஏறத்தான். உன் சோறும் அதுலதான் வேகுது."

"அப்ப நீங்களும் குடிங்க. எடை ஏறட்டும்."

"ஏற்கெனவே ஏறித்தான் இருக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பண்ணையில் மருந்து கலக்குபவரைக் 'கம்பவுண்டர்' என்றுதான் அழைப்போம். அவர் பிரிக்காத மருந்து மூட்டையைத் தூக்கி வந்து முதலாளியின் காலடியில் போட்டார். "நல்லா இருக்கற கோழிக்கு இனிமே நான் கலக்க மாட்டேன்."

"நீ இல்லேன்னா இன்னொருத்தன்."

"கூப்பிடுங்க. அந்தப் பொண்ணோட கையை அவனுக்கும் காட்டறோம்."

முதலாளியின் கையைப் பார்த்தேன். மோதிரம் போட்ட, கீறலே இல்லாத கை. அக்காவின் கத்தி என் பிடியில் வியர்த்தது. ஓங்கி, பலகையில் குத்தி நிறுத்தினேன். அத்தை தன் கத்தியைக் குத்தினாள். வரிசை முழுக்க அந்தச் சத்தம் போனது.

இயந்திரத்தை யாரும் நிறுத்தவில்லை. கீறாத கோழிகள் ஒவ்வொன்றாக வந்து முதலாளியின் முன்னால் விழுந்து குவிந்தன.

வாசலை மறித்து உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரியில் கடைசி மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. கேட்குமா, தெரியாது. அடுத்து காயப்படும் கைக்காவது அந்த மருந்து கேட்கும்படி மிச்சமிருக்க வேண்டும் என்றார் கம்பவுண்டர். அத்தை நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.