தோலுரித்த காஸ்தெல்வெர்னோ

எங்கள் காஸ்தெல்வெர்னோ ஊரின் மேயர் அமில்காரே பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போய்வந்ததில் தொடங்கியது வினை. அங்கே வீட்டுச் சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சை உரித்துக் கல்லைக் காட்டியிருந்தார்களாம். அதைப் படமெடுக்க ஜெர்மன்காரர்கள் வரிசையில் நின்றார்களாம்.

"நம்ம முன்னோர் கல்லு மாதிரி வாழ்ந்தவங்க! பூச்சு நேத்து வந்த பவுடர்!" என்று சதுக்கத்தில் முழங்கினார்.

அவருடைய முன்னோர் பிரபுவின் பன்றிகளை மேய்த்தவர்கள். அது தெரிந்தும் ஊர் தலையாட்டியது. முட்டாள்தனத்துக்கு நாங்கள் வெளியூரில் ஆள் தேடியதே இல்லை.

காவல் கோபுரம், தேவாலயத்தின் பக்கச் சுவர், மேயர் வீடு, என் காப்பிக் கடை, எல்லாவற்றையும் கொத்தினார்கள். உள்ளே இருந்தது உடைந்த செங்கல், ஆற்றுக் கூழாங்கல், ஓரிடத்தில் பாதித் திரிகை. அகப்பட்டதையெல்லாம் அள்ளிப் போட்டுக் கட்டிவிட்டு, வெட்கப்பட்டுப் பூசி மறைத்திருக்கிறார்கள் பழைய ஆட்கள். மேயரோ அந்தத் திரிகையைத் தடவிக் கண்கலங்கினார்.

கசாப்புக் கடை எர்சீலியா மட்டும் தன் சுவரில் ஏணி சாய்க்க விடவில்லை.

"ஏம்ப்பா அமில்காரே, வயசான வீட்டைத் துணி உருவித் தெருவுல நிறுத்துறியே, வெக்கமா இல்ல?"

"இது வரலாறு, அக்கா. உங்களுக்குப் புரியாது."

"அப்ப உன் கால்சட்டையையும் கழட்டு. ஊரே பாத்துப் படிக்கட்டும்."

சதுக்கமே சிரித்தது. மேயர் காது சிவந்து நடையைக் கட்டினார்.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. உரித்த சுவர்கள் ஒட்டகம் மாதிரி தண்ணீர் குடித்தன. என் கடையில் சர்க்கரை கரைந்தது. ஒரு மதியம், மேயர் வீட்டுப் படுக்கையறைச் சுவர் வயிறு தள்ளி, சரிந்து, மனைவியின் துணி அலமாரிமேல் விழுந்தது. நல்லவேளை, இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள்.

நனைந்த மெத்தையைச் சுமந்துகொண்டு, மனைவியோடு மேயர் தட்டிய கதவு எர்சீலியாவுடையது. ஊரில் காய்ந்த வீடு அது ஒன்றுதான்.

"என்னப்பா, வரலாறு ஒழுகுதா?"

"அக்கா, கேலி பண்ணாதீங்க. அவ நடுங்குறா."

"அவ வரட்டும். நீ மொதல்ல கால்ல இருக்கற சேத்தைக் கழுவு."

தொத்திறைச்சி தொங்கும் பின்னறையில் இடம் கொடுத்தாள். அவரைக்காய்ச் சூப்பும் ஊற்றினாள். குளிர்காலம் முழுக்க, இறைச்சி வாங்க வந்தவர்கள் எல்லோரும் பின்னறையை எட்டிப் பார்த்து, "மேயர் ஐயா, சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வசந்தத்தில் ஊர் முழுக்க மறுபடி சுண்ணாம்பு பூசப்பட்டது. அமில்காரே நாடா வெட்டினார். மறைந்துபோன மரபுப் பூச்சைத் தானே மீட்டெடுத்ததாக, கூசாமல் பேசினார். அடுத்த தேர்தலில் போட்டியில்லாமல் ஜெயித்தார்.